வெல்வெட் கதிரையில் ஒரு படம்

போன மாதம் மிலான் நகரத்தில், தொப்பி போட்ட ஆள் வாசற்கதவைத் திறந்துவிடும் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் தங்கினேன். ஹனோவரில் வேலை செய்யும் என் மகள், எனக்கு அறுபது வயதானதற்குச் செய்த ஏற்பாடு. காலையில் எழுந்ததும் கை தன் பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகி, தலையணைகளைத் தட்டி நிமிர்த்தி, குளியலறைக் கண்ணாடியின் ஈரத்தையும் துடைத்த பிறகுதான் நான் இங்கே விருந்தாளி என்பது நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் இதுதான்.

அந்த நேரம் மகள் அழைத்தாள். "அப்பா, ஜன்னலுக்குப் பக்கத்திலை வெல்வெட் கதிரை ஒண்டு இருக்குமே, அதிலை இருந்துகொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

பச்சைக் கதிரை. கையில் இன்னும் சவர்க்கார வாசம். என்ன செய்வது, ஸ்டுட்கார்ட் ஞாபகம் வந்துவிட்டது.

இளவயதில் அங்கே ஒரு பெரிய ஹோட்டலில், மனைவியை ஊரில் விட்டுவந்த நாதன் அண்ணையும் நானும் அறைகளைத் துப்புரவாக்கினோம். எங்கள் இருவரின் அந்திராக்கும், அதாவது அகதி விண்ணப்பமும், முடிவாகாமல் கிடந்தது. அகதி முகாமில் அறைக்கு ஆறு பேர். அடுக்குக் கட்டிலில் அவர் கீழே, நான் மேலே. அந்த நாட்களில் ஊருக்குப் படம் அனுப்புவதென்றால் யாருடைய காரிலாவது சாய்ந்து நிற்க வேண்டும். நானும் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நின்று அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். கார்க்காரன் வந்து துரத்தியது படத்தில் இல்லை.

ஒரு நாள் விருந்தாளி கிளம்பிப்போன அறையில் இதே மாதிரிக் கதிரை.

"அண்ணை, அந்தக் குளியல் அங்கியைப் போட்டுக்கொண்டு இருங்கோ. ஊரிலை அக்கா பார்த்தா மயங்கி விழுவா."

"மனேஜர் கண்டா நாங்கள்தான்ரா விழுவம்" என்றபடியே கால்மேல் கால் போட்டார். நான் படம் எடுத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மனைவியின் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினார்: "ராசா மாதிரி இருக்கிறியள். என்னைக் கூப்பிட மட்டும் ஏலாதோ? அந்தப் படத்தை எடுத்தது ஆர்?"

"இப்ப நீதான்ரா அவளுக்குச் சக்களத்தி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

விண்ணப்பம் முடிவாகாதவன் மனைவியை அழைக்க முடியாது என்று முன்பே பல கடிதங்களில் எழுதியிருந்தார். எழுத்தைவிடக் கதிரை பெரிதாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில், உண்மையையே அனுப்புவோம் என்றார். கீழ்க்கட்டிலில் அவரை இருத்தி, கம்பியில் காயும் காலுறைகள், கட்டிலுக்கடியில் சோற்றுப் பானை எல்லாம் விழும்படி எடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி.

"உது ஆருடைய அறை? ஆரைப் பேய்க்காட்டி ஏமாத்துறியள்?"

அதன்பிறகு அவர் எழுதிய எதற்கும் பதில் இல்லை. நாலாம் வருடம் அவருடைய விண்ணப்பம் சரிவந்தது. நான் துள்ளிக்கொண்டு போய், "அண்ணை, இனிக் கூப்பிடலாம்!" என்றேன்.

"ஆரை?" என்று கேட்டுவிட்டு, தலையணை உறையை மாற்றத் தொடங்கினார்.

பிறகு அவர் ஆஹென் நகரப் பக்கம் போனார். நான் நகரம் நகரமாக அலைந்தேன். அந்தக் கமெராவை ஏதோ ஒரு ரயிலில் விட்டுவிட்டேன். ஸ்டுட்கார்ட் ஹோட்டலை இடித்து அலுவலகம் கட்டிவிட்டார்கள். முகாமும் இல்லை. அண்ணையின் இலக்கத்துக்கு அடித்தால், அது பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்கிறது. அங்கியை உடுக்கச் சொன்னது நான்தான் என்று அவர் மனைவிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இப்போது அந்த அக்காவின் விலாசமும் யாரிடமும் இல்லை.

மிலானில் அந்தக் கதிரையில் இருக்க மனம் வரவில்லை. நான் விரித்த கட்டிலைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அப்பா, பொய் சொல்லாதேங்கோ. இதிலை ஒருத்தரும் படுக்கேல்லை."