வீராம்பட்டினத்து மணலில் ஒரு விண்மீன் திரள்

கருவாட்டு வாசனை வீசும் விண்மீன் திரளை எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரண்டாயிரத்து ஆறில் புதுச்சேரியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக என் தோழி செல்வி, வீராம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து மீன் கூடை நிறைய மணல் கொண்டுவந்தாள். "இந்த மண்ணுல போயி வானத்த செய்யப் போறீங்களாடி?" என்று அவள் அம்மா சிரித்தாராம்.

'பிரவுசிங் சென்டர்' ஒன்றில் அச்செடுத்த என்ஜிசி 1300 என்ற சுருள் விண்மீன் திரளின் படம்தான் எங்களுக்கு வழிகாட்டி. ஆறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கும் அந்தத் திரளின் நடுவே நேரான ஒரு பட்டை, அதன் இரு முனைகளிலிருந்தும் வளைந்து கிளம்பும் இரண்டு கைகள். பட்டைக்கு மஞ்சள் தூளும் கைகளுக்குத் துணிக்குப் போடும் 'சொட்டு நீலமும்' கலந்து, கறுப்பு அட்டையில் மணலை ஒட்டினோம்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒரே பார்வையில் உதட்டைப் பிதுக்கினார். "சுருள்னா நடுவுல உருண்டையா இருக்கணும். இது என்னம்மா, ஸ்கேல் வெச்ச மாதிரி? தப்பு." சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். பத்து நாள் உழைப்பு அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். "நீதான படிச்ச, சொல்லுடி!"

"சார், தப்பு இல்ல சார்" என்றேன். "அது நெசமாவே அப்படித்தான் இருக்கு. படத்தப் பாருங்க."

திரும்பி வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். "சரி, எதுக்கு ரெண்டு கலரு?"

"பட்டையில வயசான விண்மீனுங்க சார், அதான் மஞ்சள். கையில இப்பதான் பொறந்ததுங்க, அதான் நீலம்."

"நடுவுல பாருங்க சார்," செல்வி முந்திக்கொண்டாள், "அதுக்குள்ளயே ஒரு குட்டிச் சுருள் இருக்கு. ஊசியால போட்டேன்."

அவர் மூக்கு மணலில் படுமளவுக்குக் குனிந்தார். நிமிர்ந்தவர், கூடமே கேட்கும்படி சொன்னார்: "நான் சொன்னதுதான் தப்பு. இந்தப் பொண்ணுங்க சொல்றதுதான் சரி!"

முதல் பரிசு எங்களுக்குத்தான். கோப்பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி, பேருந்து நிலையம் வரை கத்திக்கொண்டே ஓடினோம்.

அந்தப் பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. எங்கள் விண்மீன் திரள் அடுத்த மழைக்காலத்தில் பள்ளிக் கூரை ஒழுகிக் கரைந்துபோனது. கோப்பை எங்கே போனதென்று செல்விக்கும் தெரியவில்லை. எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். நாலு பேர் முன்னால், அதுவும் இரண்டு சிறுமிகளிடம், அப்படித் தவற்றை ஒப்புக்கொண்ட இன்னொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.