ஒன்பது புள்ளி எட்டு

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். பொன்னேரிப் பக்கம் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கிறேன். வருகிற கூடையில் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, தலையைத் திருகி மூக்குக்குக் கொண்டுபோவேன். இரண்டு நாள் ஐஸில் கிடந்ததை இன்று காலையில் பிடித்தது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். மேலே பெரிதாக நாலு இருக்கும், கீழே எல்லாம் பொடியாக இருக்கும். நண்டு என்றால் வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். அமுங்கினால் உள்ளே சதை இல்லை, வெறும் தண்ணீர்தான். பல வருடமாக இதே வேலையைச் செய்து வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன். காப்பி கொடுத்தால்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவன் காமிக்ஸ் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தது படம் பார்க்கும் ஆசையால் அல்ல. கம்பெனியில் லாரிக்காகக் காத்திருந்த ஒரு மதியம், போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. புத்தகத்தை அனுப்பினால் பக்கம் பக்கமாகப் புரட்டி, மூலை நசுங்கியிருக்கிறதா, முதுகில் கீறல் உண்டா, ஸ்டேப்ளர் பின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். பிறகு கண்ணாடி மாதிரியான கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து மூடிவிடுவார்கள். அதன்பின் திறக்க முடியாது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைத்தால் அந்த மதிப்பெண் செல்லாது. எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. எனக்குப் பதிலாக வேறு எவனோ சந்தேகப்பட்டு முடித்துவிட்ட ஒரு பொருள். நான் முகர வேண்டாம், அமுக்க வேண்டாம்.

முதலில் வாங்கியது மாற்று அட்டைப் பிரதி. ஒரே இதழுக்கு வேறு அட்டை போட்டுக் கொஞ்சமாக மட்டும் அச்சடிப்பார்கள், அதைத்தான் சேர்க்கிறவர்கள் தேடுவார்கள். கடலடிப் பூதம் ஒன்று கப்பலைக் கையில் தூக்கிப் பார்க்கும் படம். எல்லோரிடமும் இருக்கிற அட்டை வண்ணத்தில் இருக்கும். என்னுடையதில் வண்ணமே கிடையாது, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு மட்டும். பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு. வந்த அன்றே முன்பக்கம், பின்பக்கம், முதுகு, இரண்டு பின் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்தேன்.

கோட்டைக்குப்பத்தில் என் வீட்டு வாசல் வரைக்கும் கூரியர்காரர் வர மாட்டார், பஜாரில் ஒரு கடையில் வைத்துவிட்டுப் போவார். அங்கிருந்து பார்சலைக் கொண்டுவருவது என் மச்சான்தான், மனைவியின் தம்பி. ஏரியில் நண்டு வலை போடுகிறவன். மாமியாரும் மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். பூதத்தைப் பார்த்துவிட்டு, பெயின்ட் தீர்ந்துபோச்சா என்று கேட்டுச் சிரித்தான். இப்போது மூன்று வயதாகும் எங்கள் மகள் அவன் தோளைவிட்டு இறங்கமாட்டாள். இந்த வருட மாசியில் அவளுக்குக் காது குத்துவதாகப் பேசி வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கும் அவனைவிட்டால் வேறு ஆள் இல்லை.

மூன்று வருடத்தில் பன்னிரண்டு புத்தகம் சேர்ந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். மூடியின் இடுக்கில் ஒரு துண்டு நூலைச் சொருகி வைப்பேன், யாராவது திறந்தால் நூல் விழுந்துவிடும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தை மட்டும் நான் சோதித்ததே இல்லை. சோதிக்க வேண்டாம் என்பதற்குத்தானே வாங்கினேன்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழந்தையை வைத்துக்கொண்டு தண்ணீரில் கிடக்க வேண்டாம் என்று அனுப்பம்பட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தோம். சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கட்டிலுக்கு அடியில் டப்பா இல்லை, பரண்மேல் இருந்தது. நூல் இல்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் தூக்கி மேலே வைத்தேன் என்றான். சுவரில் தண்ணீர் நின்ற கறை இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்துப் போனில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். பதினொன்று அப்படியே இருந்தன. பூதத்தின் பெட்டியில் மூலையில் முடி அளவுக்கு ஒரு விரிசல். உள்ளே, முதுகில் இருக்கும் கீழ்ப் பின் செம்பழுப்பு. பின்னைச் சுற்றித் தாளிலும் அந்த நிறம் ஊறியிருந்தது. கறுப்பு வெள்ளை அட்டையில் அது ஒன்றுதான் நிறம், மறைக்கவே முடியாது. போனில் இருந்த படத்தில் அதே பின் வெள்ளையாகப் பளபளத்தது.

புத்தகம் சேர்க்கிறவர்கள் போனில் வைத்திருக்கும் குழுவில் இந்த மோசடியைப் பற்றி அடிக்கடி எழுதுவார்கள். பெட்டியின் ஓரத்தை நைசாகப் பிளந்து, நல்ல புத்தகத்தை உருவிவிட்டு, மட்டமான பிரதியைச் சொருகி ஒட்டிவிடுவார்களாம். எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. சாவி அவனிடம் இருந்தது. விரிசலைக் கேட்டபோது, தூக்கும்போது பரணில் இடித்துக்கொண்டது என்றான், யோசிக்காமல் சொன்னான். யோசிக்காமல் சொன்னதே முன்கூட்டி யோசித்து வைத்ததால்தான் என்று நான் முடிவு கட்டினேன். கார்த்திகையில் அவன் புது போனோடு வந்தது வேறு. யாரிடம் விற்றான், எப்படி விற்றான் என்று மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. அவன் குழந்தையைக் கொஞ்சும்போதுகூட அவன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் ஏரிக்கரையில் அவன் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கேட்டேன், புக்கை மாற்றிவிட்டாயா என்று. அவன் நான் விளையாடுவதாக நினைத்துக்கொண்டான்.

"பெயின்ட் அடிக்காத புக்கையா? அத்த எவன் மாமா எடுப்பான்?"

"அப்ப கற்பூரத்த அணை" என்றேன்.

நண்டு கழற்றிக்கொண்டிருந்த மற்றவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் அது சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை இல்லை. திருட்டு என்று சந்தேகம் வந்தால், சந்தேகப்பட்டவன் எல்லையம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுவான். மற்றவன் நான் எடுக்கவில்லை என்று சொல்லி அதை உள்ளங்கையால் அடித்து அணைப்பான். அதோடு பேச்சு முடிந்தது, பிறகு அவனைத் திருடன் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் சத்தியம் கேட்டவன் வீட்டில் சத்தியம் செய்தவன் அப்புறம் கை நனைக்க மாட்டான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். சந்தேகம் தப்பு என்று கேட்டவனே தெரிந்துகொண்டால், ஊருக்கு முன்னால் தானே கற்பூரம் ஏற்றி அணைத்து அதைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

ஈர லுங்கியோடுதான் அவன் கோயிலுக்கு வந்தான். நான் ஏற்றினேன், அவன் அணைத்தான். அணைக்கும்போது அம்மனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கையைச் சுட்டிருக்கும், உதறக்கூட இல்லை. நடிக்கத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அன்றைக்கு என்னோடு சண்டை போடவில்லை. அதுவே எனக்கு இன்னொரு சந்தேகமானது. அக்காவும் தம்பியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

அதற்குப்பின் அவன் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெளியே நின்று பாப்பா என்று கூப்பிடுவான், அவள் ஓடுவாள். அக்காவிடம் மீன் பையைக் கம்பி வழியாக நீட்டுவான். அவள் உள்ளே வந்து அந்த மீனைக் கழுவுவாள். நானும் அதைத் தின்றேன்.

சத்தியம் நடந்த அடுத்த வாரம், முன்பே சொல்லி வைத்திருந்த பதின்மூன்றாவது புத்தகம் வந்தது. இதை யார் கையிலும் விடவில்லை. பொன்னேரிக்கே போய்க் கூரியர்காரரிடம் வாங்கி, வழக்கம்போலப் படம் எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. என் வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடாத ஒரே பொருள் அதுதான்.

தை கடைசியில், காது குத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மனைவி குழந்தையின் கம்மலைக் கேட்டாள். பீரோவைத் திறந்தேன். கீல் துருப்பிடித்துப் போய் அது எப்போதும் கத்தும், அன்றைக்கும் கத்தியது. கம்மலை எடுக்கப் போனவன் புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ்ப் பின்னில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. மேல்பின்னிலும் லேசாக.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதல் ஒரு நிமிஷம் நான் தூங்கும்போது மனைவி சாவியை உருவியிருப்பாளோ என்றுதான் யோசித்தேன். பிறகு டப்பாவை இறக்கி மற்றவற்றைப் பார்த்தேன். இன்னும் மூன்றில் ஆரம்பித்திருந்தது. பூதம்தான் முதலில் வந்தது, இந்தக் காற்றை அதிக நாள் குடித்தது அதுதான். பீரோ நிற்பதோ ஏரிப்பக்கத்து ஓதச் சுவர் ஓரம். நீர் புகாத பெட்டி என்று நானாக நினைத்துக்கொண்டதுதான், எந்தக் கம்பெனியும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

மனைவி என் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நம்ம வூட்டு ஜன்னல் கம்பிய எவன்யா மாத்தி வெச்சான்? உன் வண்டி செயின? இந்த பீரோ கீல? அல்லாத்தையும் என் தம்பிதான் மாத்தினானா?"

உப்புக் காற்றில் பிறந்து வளர்ந்தவன் நான். இரண்டு வருடத்துக்கு ஒரு கேட், ஒரு மழைக்கு ஒரு செயின் என்று மாற்றிக்கொண்டே இருப்பவன். அவ்வளவையும் தினம் பார்த்துக்கொண்டு, ஒரு பின்னில் துருவைக் கண்டதும் ஆளைத் தேடிப் போயிருக்கிறேன்.

மறுநாள் காலை பதின்மூன்றாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அன்றைக்குக் கரையில் இருந்தவர்களையே வரச் சொல்லியிருந்தேன். மச்சானும் வந்தான். கற்பூரம் ஏற்றி, நான் சந்தேகப்பட்டது பொய், இவன் எடுக்கவில்லை, காற்றுதான் காரணம் என்று சொல்லி அணைத்தேன். நன்றாகவே சுட்டது, நான் கையை உதறினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவன் வாய் திறந்தான்.

"பாப்பா காதுகுத்துக்கு மடி வேணும்னு சொல்றியா மாமா, இல்ல நெஜமாவே சொல்றியா? அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

கூடையோடு வருகிற ஒவ்வொருவரையும் நான் கேட்கிற கேள்விதான் அது. அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. புத்தகத்தை நீட்டினேன். இது நீ தொடாதது, வந்ததிலிருந்து பூட்டிலேயே இருந்தது, நீயே பார் என்றேன். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள கீறத வெளிய இருந்து பாத்து இன்னா தெரியும்?" என்றான்.

கோயில் படிக்கட்டில் வைத்து, கீழே கிடந்த கருங்கல்லால் ஓரத்தில் அடித்தேன். மூன்றாவது அடியில் பிளந்தது. மதிப்பெண் எழுதியிருந்த சீட்டு தனியாக விழுந்தது. புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் கட்டைவிரலால் பின்னைத் தேய்த்தான், விரலில் ஒட்டிய துருவைப் பார்த்தான், லுங்கியில் துடைத்துக்கொண்டான். செரி என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது.

மாசியில் அதே கோயிலில் காது குத்தினோம். அவன் புது வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் பாவாடையும் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வந்தான். குழந்தையை மடியில் வைத்து, தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். ஊசி இறங்கியபோது அவள் அலறியதில் அவனுக்கும் கண் கலங்கியது. பிறகு வீட்டுக்கும் வந்தான். கேட்டைத் தாண்டி வந்தான், கூடத்தில் உட்கார்ந்தான். மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். சொம்பில் தண்ணீரை நானே கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன்.

"வேணாம் மாமா. இப்பதான் கோயிலாண்ட குடிச்சேன்" என்றான்.

காலையிலிருந்து அவன் பக்கத்திலேயே இருந்தேன், அவன் எதுவும் குடிக்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இத்தனை நாள் அவனைச் சந்தேகப்பட்டதில் நான் கண்டுபிடித்த பொய் அது ஒன்றுதான்.