லிஃப்டுக்குள்ளிருந்து வரும் முதல் கேள்வி

கதவிடுக்கில் வாயை வைத்து முதலில் பேசிவிடுவார். கருவிப்பையைத் தோளிலிருந்து இறக்குவதெல்லாம் அப்புறம்தான். "வந்துட்டேங்க, லிஃப்ட் மெக்கானிக். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" பதில் வந்ததும் அடுத்தது: "இப்ப மாடிக்குப் போய் மோட்டாரைப் பாக்கப் போறேன். உங்க போன் நம்பரைச் சொல்லுங்க, பேசிக்கிட்டே வேலை பாப்போம்." படியேறும்போது மூச்சு வாங்கும். மூச்சு வாங்குவதையும் சேர்த்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போவார்.

எங்கள் ஆறுமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் வருடத்தில் மூன்று தடவையாவது மக்கர் பண்ணும். அப்படித்தான் எனக்கு அவர் பழக்கம். ஒருநாள் நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். "கையில என்ன சார் வச்சிருக்கீங்க?" என்று போனில் கேட்டார். பல்பு என்றேன். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு பல்பு வாங்கினவர் நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார். கதவு திறந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், சொந்த வேலையாகப் போயிருந்தாலும், லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. அவர் மனைவிக்கு அந்தப் பெயரில் ஒரு குறை உண்டு. "ஊருக்கெல்லாம் ரேடியோ. வீட்டுக்குள்ள வந்தா கரண்ட் கட்."

அந்த நோட்டில் இருப்பது, சிக்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. தேதி, கட்டடம், கேள்வி. பதினோரு வருடத்தில் மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. கயிறு அறுந்துவிடுமா என்று கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எப்போது திறப்பீர்கள் என்பதுகூட இரண்டாவதாகத்தான் வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே கேள்வி: "யாராவது இருக்கீங்களா?" இருக்கிறேன் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கிறார்கள்: "இன்னும் இருக்கீங்களா?"

லிஃப்ட் துறைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெரிய மாநாடு நடக்கிறது. தயாரிப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள், பாதுகாப்பு அதிகாரிகள் எல்லாரும் கூடுவார்கள். பேச விரும்புகிறவர்கள், இதுவரை யாரும் பேசாத ஒரு பொருளைப் பற்றி இருநூறு சொற்களில் எழுதி அனுப்ப வேண்டும். இவர் நோட்டைப் பற்றி எழுதினார். மகள் தட்டச்சு செய்து அனுப்பினாள். நானூறுக்கு மேல் விண்ணப்பங்கள். இடம் பதினெட்டு பேருக்கு. பதில் வந்ததும் மகளைப் போனில் கூப்பிட்டு, "இதுல 'மகிழ்ச்சியுடன்'னு போட்டிருக்கு. அப்ப கிடைச்சிருச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாராம். "இருபது நிமிஷம் பேசணுமா?" என்றார் மனைவி. "நம்ம வீட்டுக்கு அது ஒரு வாரத்துக்கு வருமே."

கம்பெனி மேலாளர் முதலில் கை குலுக்கினார். பேச்சைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். "எல்லாம் பிரமாதம். அந்தத் தையல்காரம்மா விஷயம் மட்டும் வேண்டாம். நம்ம பேரு கெட்டுப்போகும்."

நோட்டின் முதல் வரியே அந்த அம்மாதான். துணி மூட்டையோடு லிஃப்டில் ஏறியவர் இரண்டு மாடிக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்றுவிட்டார். இவர் ஐந்தாவது நிமிடமே வந்துவிட்டார். நேராக மேலே போய் வேலையைத் தொடங்கினார். "அவங்க கத்துறது கேட்டுச்சு சார். வேலையை முடிச்சா சத்தம் தானா நின்னுடும்னு நெனச்சேன்." சிக்கலான பிரேக் கோளாறு. தனியாளாகச் சரிசெய்த பெருமையோடு இறங்கி வந்து கதவைத் திறந்தார். அந்த அம்மாவுக்குக் குரலே இல்லை. காற்றாக வந்தது கேள்வி. "ஆள் இருந்தீங்களா? இவ்வளவு நேரமும் இங்கதான் இருந்தீங்களா?"

"அதை எடுத்துட்டா நான் வெறும் உபதேசம் பண்றவனாயிடுவேன் சார்" என்று மேலாளரிடம் சொன்னார். அப்படியானால் கம்பெனி பெயரைப் போடக்கூடாது, கம்பெனிச் சட்டையோடு போகக்கூடாது என்று பதில் வந்தது. மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். வேலைக்கு ஆபத்தில்லை, ஆனால் மாநாடு முடிந்து ஒரு மாதம் வரை மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாநாட்டுக்கு முன் ஒரு காரியம் செய்தார். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்கப் போனார். அதே கட்டடம், மூன்றாவது மாடியில் தையல்கடை. இன்றைக்கும் அந்த அம்மா படியேறித்தான் கடைக்குப் போகிறார். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "தாராளமா சொல்லுங்க" என்றாராம். "பயந்து அழுதாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குப் பயமில்ல, கோபம். வெளியில மனுஷன் இருக்கானா இல்லையான்னு தெரியாத கோபம். அப்புறம், நாப்பது நிமிஷம்னா நாப்பதுன்னே சொல்லுங்க. குறைச்சுடாதீங்க."

மாநாட்டுக்கு நானும் போயிருந்தேன். அவர் கழுத்து அட்டையில் பெயருக்குக் கீழே, கம்பெனி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முதல் இரண்டு நிமிடம் கையிலிருந்த தாளையே வாசித்தார். பின்வரிசையில் பலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் கதைக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டார். "முப்பத்தஞ்சு நிமிஷம் நான் அங்கதான் இருந்தேன். அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. அவங்க கோபப்பட்டது நியாயம்." அரங்கில் அதன்பின் யாரும் போனைப் பார்க்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு வடிவமைப்பாளர் எழுந்தார். தங்கள் புதிய லிஃப்டில் பதிவுசெய்த குரல் தானாகவே பேசி ஆறுதல் சொல்லும், அது போதாதா என்றார். இவர் சொன்னார்: "நல்லதுதாங்க. ஆனா நீங்க உள்ள இருந்தா அதுகிட்ட எதாவது கேட்டுப் பாப்பீங்க. பதில் வரலைன்னா அப்புறம் அது பேசுறதே எரிச்சலா இருக்கும்." வடிவமைப்பாளர் எதையோ குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைதட்டல் பலமாக இல்லை. ஆனால் நெடுநேரம் நீடித்தது.

வாசலில் அறிமுக அட்டைகளோடு ஏழெட்டுப் பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை நோக்கி இவர் பாதி வழி போயிருப்பார். மேடையில் அடுத்துப் பேச வந்த பொறியாளர் அம்மாவின் திரை அணைந்துபோனது. அவர் பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். மன்னிக்க வேண்டும் என்று யாருமே கவனிக்காத அரங்கைப் பார்த்துச் சொன்னார். பாதிக் கூட்டம் எழுந்து தேநீருக்குப் போய்க்கொண்டிருந்தது. இவர் திரும்பினார். காலியாகக் கிடந்த முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பொறியாளர் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, மெல்லத் தலையசைத்தார்.