நாலாவது பாட்டில் ஒரு மௌனம்

போன மாதம் ஒரு மத்தியானம். ஒரு ட்ரம்பெட் சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டம்ளர் நழுவி, காபி தரையெல்லாம் ஓடியது.

தூளியில் விழித்தபடி படுத்திருந்த என் எட்டு மாத மகள் நிலா மட்டும் அசையவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. தன் கட்டை விரலை ஏதோ புது நகை மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தேன். பரவாயில்லையே, அம்மாவைவிடத் தைரியசாலி!

அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. எட்டு மாதக் குழந்தைக்கு ஏன் தூக்கிவாரிப் போடவில்லை?

அந்த ட்ரம்பெட் என் தோழி நஸீமாவின் புது ஆல்பத்தில், நாலாவது பாட்டில் வருகிறது. நஸீமா கள்ளக்குறிச்சிப் பெண்தான். கடைத்தெருவில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. பத்தாவது வரை நானும் அவளும் ஒரே பெஞ்ச். இப்போது சென்னையில் இருக்கிறாள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறாள். அவளுடைய முதல் ஆல்பத்தில் ஒரு கிடார், ஒரு குரல் — அவ்வளவுதான். அதைப் போட்டுத்தான் குழந்தையைத் தூங்க வைப்பதாக இந்தப் பக்கத்துக்கே சில அம்மாக்கள் எழுதியிருக்கிறீர்கள்.

புது ஆல்பம் அப்படி இல்லை. இதில் ஜாஸ் கலந்திருக்கிறாள். ஜாஸ் என்றால் என்னடி என்று போனில் கேட்டேன்.

"வழி தெரியாத மாதிரியே போய்க்கினு இருக்கணும். ஆனா கரெக்டா வூடு வந்து சேர்ந்துடணும். அதான்" என்றாள்.

கேட்டவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. பழைய ரசிகர்கள் இது நஸீமாவே இல்லை என்கிறார்களாம். ஜாஸ் தெரிந்தவர்களோ, இன்னும் தாலாட்டை விடவில்லையே என்கிறார்களாம். பழைய கரையை விட்டாயிற்று, புதுக் கரை இன்னும் வரவில்லை... நட்டாற்றில் ஓர் ஆல்பம். அவளுக்கே பயம்தான். பாட்டுகளை என் போனுக்கு அனுப்பிவிட்டு, கேட்டுவிட்டு இந்தப் பத்தியில் எழுதச் சொன்னாள். நன்றாக இல்லை என்றாலும் அதையே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன் என்று உங்களிடமும் சொல்லி வைத்தேன்.

பிறகு சாம்பார்ப் பொடி பற்றி எழுதினேன். ஸ்கூட்டி பழகியது பற்றி எழுதினேன். ஆல்பம் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேட்டிருந்தவர்களுக்கு இதுதான் பதில்.

டம்ளர் விழுந்த அன்றைக்கே சோதனைகளை ஆரம்பித்துவிட்டேன். நிலாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். கை தட்டினேன். கதவை அறைந்து சாத்தினேன். ஏதோ ஒரு முறை திரும்பினாள். ஆனால் திரும்பியது சத்தத்துக்கா, என் நிழலுக்கா?

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குமா பாத்திரத்தப் போட்டு நசுக்கற?"

சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"உன் வூட்டுக்காரன் ரெண்டு வயசு வரைக்கும் கூப்ட்டா திரும்பிப் பாக்கல. இன்னா கெட்டுப் போச்சி?"

இப்பவும் பார்ப்பதில்லை அத்தை என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நல்ல மருமகள் என்ற பெயரைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருக்கிறேன்.

படித்தவள் என்ன செய்வாள்? போனை எடுத்துத் தேடுவாள். வீடு அமைதியாக இருக்கும்போது சோதித்துப் பாருங்கள் என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, டிவியை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. ரப்பர் வாத்தை அமுக்கினேன். திரும்பவில்லை.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது சாட்சிகளைத் தேடிப் போகாது. சாட்சிகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். வயிற்றில் இருக்கும்போது வந்த காய்ச்சல்... குளிக்க வைக்கையில் காதில் போன தண்ணீர்... கூடாது என்று டாக்டர் சொல்லியும், மாமியாரிடம் மறுக்கத் தைரியமில்லாமல் விடச் சம்மதித்த அந்த ஒரு சொட்டு எண்ணெய்... பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காது பார்த்தார்களே? பார்த்தார்களா, இல்லை, அது கண்ணா? அரை மயக்கத்தில் கிடந்தவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? விழித்த பிறகாவது கேட்டு வைத்திருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?

பக்கத்து வீட்டுக் குழந்தை இவளைவிடச் சின்னது. 'த்தா த்தா' என்கிறது. இவளும் ஏதேதோ சத்தம் போடுவாள்தான். இப்போது அது குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. குறைந்ததா... குறைந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா?

என் கணவர் அரிசி மில் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டின் பின்சுவரும் மில்லின் சுவரும் ஒட்டியே நிற்கின்றன. சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். எதற்கும் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்கிற மனிதர். அன்று சொல்லவில்லை. கையை அலம்பிவிட்டு, தூளிக்குப் பக்கத்தில் போய் நின்று, விரலைச் சொடுக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர்ட்ட காமிச்சிடலாம்" என்றார்.

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் நஸீமா கூப்பிட்டாள். நாலாவது பாட்டைக் கேட்டாயா என்றாள். கேட்டேன் என்றேன். பொய்யில்லை. நிலா திடுக்கிடுகிறாளா என்று பார்ப்பதற்காகவே அந்தப் பாட்டை எத்தனை தடவை போட்டிருப்பேன்!

"ட்ரம்பெட்டுக்கு அப்புறம் ஒரு எடம் வருதே... அது எப்பிடிடி இருக்கு?"

"எந்த இடம்?"

சரி, குழந்தையைப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் கேட்காமலேயே கேட்டதாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். நிலா விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெளியே சொல்லிவிட்டால் நிஜமாகிவிடுமோ என்று இருந்தது.

விழுப்புரத்தில் காது சோதனை செய்கிற ஓர் இடத்துக்குப் போனோம். குழந்தை தூங்க வேண்டும். தலையில் ஒயர்களை ஒட்டுவார்கள். காதில் சத்தம் கொடுப்பார்கள். மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மெஷின் சொல்லிவிடும். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தியதும் அப்படி ஓர் அமைதி... என் மூச்சே எனக்குக் கேட்டது.

நிலா தூங்கவில்லை. வீறிட்டாள். பால் கொடுத்தேன். தோளில் போட்டேன். தட்டிக்கொடுத்தேன். ம்ஹூம். வெளியே அடுத்த குழந்தைகள் காத்திருந்தன. அங்கிருந்த பெண் பொறுமைசாலி. அடுத்த வாரம் வாருங்கள், அப்போதும் தூங்காவிட்டால் டாக்டரைக் கேட்டு மருந்து கொடுத்துத் தூங்க வைக்கலாம் என்றார்.

மருந்தா? ஒரு பயத்தோடு போனவள், இரண்டோடு திரும்பினேன்.

இதில் வேடிக்கை, உளுந்தூர்பேட்டை வருவதற்குள் காரிலேயே தூங்கிப்போனாள். பஞ்சு வைத்த அறையில் தூங்காதவள் லாரி ஹாரனுக்கு நடுவில் தூங்குகிறாள். கணவர் அதிசயப்பட்டார். நான் சத்தமில்லாமல் அழுதேன். ஹாரன் கேட்டால் எப்படித் தூங்குவாள்? கேட்காததால்தானே தூங்குகிறாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கரியாலூரில் என் கணவரின் நண்பர் புதுமனை புகுவிழா வைத்திருந்தார். எனக்குப் போக மனசில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து தட்டைப் போட்டுக்கொண்டிருப்பதற்கு, போய்ட்டு வாயேன் என்று மாமியார்தான் அனுப்பி வைத்தார். வடக்கனந்தல் தாண்டி மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டியது. நிலா நிம்மதியாகத் தூங்கினாள்.

நண்பர் வீட்டு வாசலில் கார் எஞ்சின் நின்றது. விழித்தாள். வீறிட்டாள்.

அங்கிருந்த பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பல் முளைக்கிறது, காற்று மாறியிருக்கிறது, கண் பட்டிருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறைக்குப் போனேன். காற்றே இல்லை. ஓர் இலை ஆடவில்லை. விழுப்புரத்து அறையின் அதே அமைதி, மேலே வானம் மட்டும் சேர்த்தி.

அழுகை நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் போனை எடுத்து, நஸீமாவைப் போட்டேன். சிக்னல் இல்லாவிட்டால் என்ன, பாட்டு உள்ளேயே இருந்தது. மெல்ல அடங்கினாள். இரண்டாவது பாட்டு... மூன்றாவது...

நாலாவது வந்தது. ட்ரம்பெட் வீறிட்டது. பாறையில் ஏதோ பறவை பயந்து பறந்தது. நிலா அசையவில்லை. பறவைக்குக் கேட்டது என் பெண்ணுக்குக் கேட்கவில்லையே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது எல்லாம் நின்றது.

ட்ரம்பெட் பாதி மூச்சில் நின்றது. கிடார் இல்லை. குரல் இல்லை. போன் அணைந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

நிலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலை மறந்துவிட்டாள். உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. இதோ அழப்போகிறாள் என்ற நொடியில் நஸீமாவின் குரல் மெதுவாக, முதல் ஆல்பத்தில் வருவது போலவே, திரும்பி வந்தது. பிதுங்கிய உதடு உள்ளே போனது.

மறுபடி போட்டேன். அதே இடம், அதே உதடு. போனை அவள் பார்க்க முடியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துப் போட்டேன். ட்ரம்பெட் நின்றதும் கழுத்தை முறுக்கித் தேடினாள்.

"ஏங்க..." தேடிக்கொண்டு வந்த கணவரிடம் சொன்னேன். "சத்தம் போட்டா இல்லங்க... சத்தம் நின்னா தெரியுது இவளுக்கு."

அவர் போனையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்தார்.

"மில்லு" என்றார்.

ஒரு வார்த்தைதான். எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டில் ஒரு நாள் இருக்க வேண்டும். அறுவடை முடிந்த சீசனில் மில் ராப்பகலாக ஓடும். சுவர் அதிரும். குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். பிறகு அது எனக்குக் கேட்பதே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் சத்தத்துக்கு யாரும் விழிப்பதில்லை. கரண்ட் போய் மில் நின்றால்தான் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். வயிற்றில் இருந்த நாளிலிருந்து நிலாவும் அந்த வீட்டுப் பெண்தானே?

டிவியை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, வீடு அமைதியாக இருக்கிறது என்று நம்பி ரப்பர் வாத்தை அமுக்கினேனே — அந்த நேரம் முழுக்கப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது!

நஸீமா கேட்ட 'அந்த இடம்' எது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் வீட்டில் அந்த மௌனத்தை மில் நிரப்பிவிட்டிருந்தது. அவள் ஆல்பத்தை நான் அன்றுவரை கேட்கவே இல்லை.

சந்தோஷம் மலை இறங்கும்வரைகூடத் தாங்கவில்லை. கேட்கிறது, சரி. எவ்வளவு கேட்கிறது? ஒரு காது மட்டுமா? வளைவுக்கு ஒரு கேள்வியாக இறங்கினேன்.

மறுபடி விழுப்புரம். இந்தத் தடவை கணவர் மில் ஓடுகிற சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அறைக்குள் அதைப் போட்டதும் நிலா கொட்டாவி விட்டாள். தூங்கினாள். ஒயர்களை ஒட்டினார்கள். "இப்ப நிறுத்தணும் சார்" என்றார் அந்தப் பெண். சட்டென்று நிறுத்தினால் விழித்துவிடுவாளே! கணவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நிலா முகத்தைச் சுளித்தாள். நாங்கள் மூச்சு விடவில்லை. சுளித்த முகம் விரிந்தது. தூங்கினாள்.

மெஷின் தன் வேலையைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். மூன்றாம் தடவை கேட்க வெட்கமாக இருந்தது. கணவர் கேட்டார்.

தூளியைப் பின்சுவரிலிருந்து தள்ளி முன்னறையில் கட்டச் சொன்னார்கள், அவ்வளவு சத்தம் குழந்தைக்கு ஆகாதாம். கட்டிவிட்டோம். இத்தனை மாதமாக அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இப்போது அதற்கு ஒரு தனிக் கவலை ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றே நஸீமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதாவது சொன்னாயே என்று முதலில் திட்டினாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"அந்த எடத்ததான்டி வெட்டிடச் சொல்றாங்க, ஆல்பம் போடற கம்பெனில. கேக்கறவங்க போன் ஹேங் ஆயிடுச்சின்னு நெனச்சிக்கினு பாதியிலயே வேற பாட்டுக்குப் போயிடறாங்களாம். நாளைக்கி நான் பதில் சொல்லணும்."

"இன்னா சொல்லப் போற?"

"தெரில. பயமாகீது."

பயப்படுகிறவளுக்குத் தைரியம் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"வெட்டாதடி. கேக்கறவங்களுக்குக் கேக்கும்."

அவள் வெட்டவில்லை.

ஆக, ஆல்பம் எப்படி? நட்டாற்றில்தான் நிற்கிறது. இரண்டு கரையும் தெரிகிற இடம் அதுதானே? ஆனால் மிக்ஸி ஓடும்போது கேட்காதீர்கள். பஸ்ஸில் கேட்காதீர்கள். மில்லுக்குப் பக்கத்தில் வீடு என்றால் நாலாவது பாட்டுக்காக ஒரு முறை கரியாலூர் போய் வாருங்கள்.

நேற்று சாயந்திரம் கரண்ட் போனது. மில் நின்றது. தெருவே திட்டியது. முன்னறைத் தூளியிலிருந்து ஒரு வீறல் கிளம்பியது — இந்த வருஷம் நான் கேட்டதிலேயே நல்ல பாட்டு அதுதான். நஸீமா, கோவிச்சுக்காதே.