தளபதி மெரினின் குரல்

லோகநாயகி என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே என் டிவிக்குள் வந்துவிட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘ஒளிக்கப்பல்’ என்று ஒரு வெளிநாட்டு விண்வெளித் தொடரைத் தமிழில் பேசவைத்துப் போடுவார்கள். அதில் கப்பலுக்கு வழி சொல்லும் இளம்பெண் மெரின். அவளுக்குக் குரல் கொடுத்தவள் லோகநாயகி. அஸ்தினாபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், “காபி எடுத்துக்குங்க” என்று ஒரு குரல் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே தலையாட்டிட்டான்” என்று என் அக்கா இன்றைக்கும் கிண்டல் செய்வாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் டப்பிங்கை விடவில்லை. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொண்டேன். 2005-ல் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் தடித்துக் கரகரத்துவிட்டது. போனில் பேசுகிறவர்கள், “சார், மேடம் இருக்காங்களா?” என்று அவளிடமே கேட்டார்கள். போன் எடுப்பதை நிறுத்தினாள். அக்கம்பக்கத்தில் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். டப்பிங்குக்குக் கூப்பிட்டால், அவள் ஊரில் இல்லை என்று நான் பொய் சொல்ல வேண்டும். கலகலவென்று இருந்தவள் அப்படி அடங்கிப் போனதை என்னால் தாங்கவே முடியவில்லை.

2007-ல் புதிய ‘ஒளிக்கப்பல்’ வந்தது. முதலில் இங்கிலீஷில் கேபிளில் ஓடியது. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே இருட்டு.

“இன்னா இது, கப்பலுக்குக் கரண்ட் பில் கட்டலையா?” என்றேன்.

“பேசாம பாருங்க.”

என்னத்தைப் பார்ப்பது? பழையதில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். சுவர் அட்டை, பாறை தெர்மாகோல். குண்டு விழுந்தால் கப்பல் ஆடாது, உள்ளே இருக்கிறவர்கள்தான் ஒருபக்கமாகச் சாய்வார்கள். இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள், கெட்டவன் யாரென்று குழந்தைக்கும் தெரிந்தது. புதியதில் நல்லவனே பொய் சொல்கிறான். கேமராவோ ஓரிடத்தில் நிற்பேனா என்கிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பழைய கப்பலில் மருந்துக்கும் ஒரு போல்ட் கிடையாது. புதியதில் போல்ட் இருந்தது, அதில் துருவும் இருந்தது. கடைக்காரன் கண்ணுக்கு அது பிடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் கப்பலின் தளபதி வந்தாள். நரைத்த தலை, கன்னத்தில் தழும்பு. பழைய மெரினேதான். அதே நடிகை, வயதாகித் திரும்பி வந்திருந்தாள். வாயைத் திறந்தால் கரகரவென்று உடைந்த குரல். கீரை ஆய்ந்துகொண்டிருந்த லோகநாயகியின் கை நின்றுவிட்டது.

“ஏங்க, இவ என்னை மாதிரியே பேசுறா.”

அதற்கு அடுத்த மாதம் யக்ஞநாராயணன் போன் செய்தார். பழைய தொடருக்குத் தமிழ் வசனம் எழுதி, டப்பிங்கையும் நடத்தியவர். புதியதும் இப்போது தமிழில் வரப்போகிறதாம். மெரினுக்காக நாலைந்து இளம்பெண்கள் வயதான குரல் போட்டுக் காட்டினார்களாம், எதுவும் ஒட்டவில்லையாம். நான் வழக்கமான பொய்க்கு வாயெடுப்பதற்குள் லோகநாயகி ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

“சார், என் குரல் பழைய மாதிரி இல்ல. கேட்டுப் பாருங்க. வரேன்.”

நானும் வடபழனி ஸ்டுடியோவுக்குக் கூடப் போனேன். இதுவும் தவறிப்போனால் இனி வீட்டிலும் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மட்டும் மைக் முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் நான், யக்ஞநாராயணன், கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் விக்கி. திரையில் மெரின் வாயசைக்க, இவள் பேசினாள். குரல் அச்சாகப் பொருந்தியது. ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் கடைசி வார்த்தை மங்கிப் போனது.

“மேடம், எண்டிங் விழல” என்றான் விக்கி. மறுபடியும் பேசினாள். மறுபடியும் அதே கதைதான்.

“பாவம், தம் இல்ல போலிருக்கு” என்றார் யக்ஞநாராயணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் காலைப் பார்த்தேன், வசனம் முடிகிறபோதெல்லாம் ஓரடி பின்னால் போனது. விஷயம் புரிந்தது. பழைய தொடரின் காலத்தில் ஒரே மைக்தான். ஐந்தாறு பேர் அதைச் சுற்றி நின்று பேசுவார்கள். தன் வசனம் முடிகிறபோதே கொஞ்சம் பின்வாங்கி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். புதுசாகக் கல்யாணமானபோது போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன். பிறகு ஆளுக்கொரு தனிப் பதிவு என்று ஆகி, அவளும் அதற்குப் பழகியிருந்தாள். ஆனால் மெரினைக் கண்டதும் கால் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. யாருமில்லாத அறையில் யாருக்கோ இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.

விக்கியை விட்டு, நகராமல் நிற்கச் சொன்னோம். தலையாட்டினாள். வசனம் முடிகிற நேரத்தில் கால் தானாகப் பின்னால் போயிற்று.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எனக்கிருக்கும் தொப்பைக்கு ஒரு இஞ்ச் கூட அவளால் பின்னால் வர முடியாது.

“மூச்சு விடாதீங்க. மைக்ல விழும்” என்றாள்.

படம் ஓடியது. “இந்தக் கப்பல் வீடு திரும்பும். நான் திருப்புவேன்.” முதுகு என் மேல் இடித்தது. கடைசி எழுத்துவரை குரல் மங்காமல் நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

யக்ஞநாராயணன் கைதட்டினார். விக்கியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “சூப்பர் மேடம். அந்தக் கரகரப்பை மட்டும் கம்ப்யூட்டர்ல எடுத்துடவா? உங்க பழைய வாய்ஸ் மாதிரியே கொண்டு வந்துடலாம்.”

அந்தப் பழைய குரலுக்காக இரண்டு வருஷமாக நான் வேண்டாத சாமி இல்லை. சரியென்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

லோகநாயகி திரையில் நின்றிருந்த நரைத்த பெண்ணைப் பார்த்தாள்.

“வேணாம்ப்பா. சின்னப் பொண்ணா இருந்தப்போ அவளுக்கு அந்தக் குரல். இப்போ இதுதான் அவ குரல். நீ அடுத்த சீனைப் போடு.”