ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தெரிந்த எழுத்து

அந்தக் காலத்து டப்பா மானிட்டரைத் துணியால் துடைத்தால் கையில் இருக்கிற பூனைமுடி எல்லாம் எழுந்து நிற்கும்... சடசடவென்று ஒரு சின்னச் சத்தம். கூடவே சூடேறிய தூசி வாசம். இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த வாசம் வருவதில்லை.

2005. கம்பத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் டிடிபி சென்டர். எங்கள் என்றால் நானும் சேகர் அண்ணனும். கூடப் பிறந்த அண்ணன், என்னைவிட நாலு வயது மூத்தவன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் டிசைன் செய்வோம். அப்போதுதான் ஏலக்காய் வியாபாரிகள் வெப்சைட் கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். கலர் மட்டும் என் பொறுப்பு.

என் கலர் என்றால்... மஞ்சள் பின்னணி. அதன்மேல் ஆரஞ்சு எழுத்து. தலைப்புக்குக் கிளிப்பச்சை. பார்க்க மங்களகரமாக இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

அண்ணன் வாதாட மாட்டான். மானிட்டரை வாசல் பக்கம் திருப்பி வைப்பான். செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடை வாசலில் போய் நிற்பான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பான். நடுவில் குமுளி பஸ் வந்தால் அது போகிறவரை காத்திருப்பான். அப்புறம் அங்கிருந்தே ஒரு கத்து.

"இங்கன இருந்து பாத்தா மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி இருக்குத்தா! தலைப்புகூடத் தெரியல!"

டீக்கடையே சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

"ரோட்டுல நின்னுக்கிட்டா வெப்சைட் பாப்பாக?" என்று நானும் கத்துவேன்.

உள்ளே வந்ததும் பொறுமையாகச் சொல்வான். "கண்ணாடி போட்டவுக பாப்பாக. வெயிலு அடிக்கிற கடையில உக்காந்து பாப்பாக. அவுகளுக்கும் தெரியணும்ல? எழுத்து படிக்கத்தானத்தா?"

ஆனால் வருகிறவர்கள் எல்லாம் என் கட்சி. எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குக் கருப்பு மை ஆகாது. கல்யாணப் பத்திரிகை என்றால் சிவப்பு, ஊதா, பச்சை... கருப்பு என்றால் சாவுச் செய்தி. அண்ணன் ஒரு தடவை ஒரு பெரிய வியாபாரிக்கு வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தாகச் செய்து காட்டினான். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஏப்பா, ஏலக்காய் விக்கச் சொன்னா எனக்குக் கருமாதிப் பத்திரிகை அடிச்சு வச்சிருக்கியே!"

அண்ணன் சிரித்துக்கொண்டே என் மஞ்சளுக்கு மாற்றிக் கொடுத்தான்.

அடுத்து எங்கள் கடைக்கே ஒரு வெப்சைட். வீரபாண்டித் திருவிழாவுக்கு அம்மாவோடு போய்விட்டு மறுநாள் கடைக்கு வந்தேன். அண்ணன் எல்லாம் முடித்து வைத்திருந்தான். வெள்ளை வெளேரென்று பக்கம். கருகருவென்று எழுத்து. கடைப் பெயருக்குக் கீழே தடிமனாக ஒரு கோடு. ஒவ்வொரு விஷயமும் தனித்தனிக் கட்டத்துக்குள். ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

"அங்கன போய் நின்னு பாருத்தா. ஒரே ஒரு தடவ..." என்றான்.

நான் போகவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "நம்ம கடைக்கு நாமளே எழவுச் செய்தி போட்டுக்கணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. தன்னுடையதை 'புதுசு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டு, என் மஞ்சளிலேயே ஒன்று செய்து நெட்டில் ஏற்றினான்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் அண்ணனுக்குக் காய்ச்சல். கம்பத்திலிருந்து தேனி, தேனியிலிருந்து மதுரை... ஐந்தே நாள். முப்பது வயதுகூட முடியவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். மாமா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆத்தா... வேற கடையில குடுத்துருவமா?"

"வேணாம் மாமா. நானே செய்யுறேன்."

உட்கார்ந்துவிட்டேனே தவிர, கை ஓடவில்லை. என்ன தோன்றியதோ, அந்த 'புதுசு' ஃபோல்டரைத் திறந்தேன். அதைப் பார்த்து அப்படியே போஸ்டர் அளவில் அமைத்தேன். கடைப் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயர். வேலைகளின் பட்டியல் இருந்த கட்டத்தில் அவன் போட்டோ. பெயருக்குக் கீழே இருந்த அந்தத் தடிமனான கோட்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கலரை மாற்றச் சொல்லி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து நான் கடையைத் திறந்தபோது, எதிர் டீக்கடைச் சுவரில் அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். ஒரு பஸ் மறைத்தது. பஸ் போன பிறகு மறுபடி பார்த்தேன். அவன் பெயர், ஊர், கீழே சின்னதாகப் போட்டிருந்த எங்கள் பெயர்கள்... ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது.

'எழவு' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மனசு கேட்பதில்லை.

மாசம் ஒன்று ஆனதும் கடை வெப்சைட்டை அவன் செய்த மாதிரியே மாற்றினேன். அன்று எழுந்து நின்ற அதே வியாபாரி போன் செய்தார். "இப்பத்தாம்மா உங்க நம்பரு பளிச்சுனு தெரியுது" என்றார். ரிசீவரைக் கையில் பிடித்தபடி அழுதேன்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு டிசைன் கம்பெனியில் இருக்கிறேன். இன்றைக்கு எல்லோருக்கும் வெள்ளைப் பின்னணிதான் வேண்டும், கருப்பு எழுத்துதான் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் போதுமா என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, ஒரு நொடியில் சொல்லிவிடும். கருமாதிப் பத்திரிகை என்று யாரும் எழுந்து போவதில்லை. என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்பக்கூட மாட்டார்கள்.

சாஃப்ட்வேர் சரி என்று சொன்ன பிறகும், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து லேப்டாப்பைத் திருப்பி வைத்துவிட்டு, ஆபீஸ் ஹாலின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பேன். எல்லாம் தெரியும்.

"தெரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவேன்.

அன்றைக்கு ஒரே ஒரு தடவை ரோட்டைத் தாண்டிப் போய் நின்றிருக்கலாம்...