இரண்டு வருடப் புல்

லவ்ரி உலகம் சுற்றிவிட்டு வேல்ஸிலுள்ள அப்பாவின் பண்ணைக்குத் திரும்பியதும், மேல் வயலில் மாட்டுத் தீவனத்துக்காக ரைப் புல்லும் சிவப்புக் குளோவர் செடியும் விதைத்தாள். அன்றே சொல்லியும் வைத்தாள்: "இது ரெண்டு வருஷப் புல்லுப்பா. இத உழுற அன்னைக்கு நான் கிளம்பிடுவேன்."

மூன்றாம் வசந்தம் வந்தது. குளோவர் இன்னும் செழிப்பாகத் துளிர்த்து நின்றது. இடுப்பு முறிந்து மேடேற முடியாத அப்பா, "வேர் அழுகியிருக்கான்னு தோண்டிப் பாரு. அழுகியிருந்தா உழுதுடலாம், இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் விடலாம்" என்றார்.

அவள் பத்து வேர்களைப் பிளந்து, பொட்டளவு பழுப்பாவது தெரியாதா என்று தேடினாள். பத்தும் முள்ளங்கி மாதிரி வெளேரென்று இருந்தன.

"எல்லாம் அழுகிப் போச்சுப்பா" என்றாள், சமையலறைக்குள் நுழைந்ததும்.

"ஒண்ணுகூடத் தேறலையா?"

"ஒண்ணுகூட."

அப்பா தேநீரைக் கலக்கியபடி யோசித்தார். "அழுகல் பிடிச்ச மண்ணுல இனி பல வருஷம் குளோவர் வராது. மாட்டுக்குத் தீனி வேணுமே. கீழ் வயல்ல நாலு வருஷப் புல்லாப் போட்டுடு. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நானா பாத்துக்க முடியும்? நீதான் கூட இருக்கணும், கண்ணு."

லவ்ரி மண் ஒட்டிய விரல்களைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு வருடம். சொல்லாவிட்டால் நான்கு.

"அப்பா," என்றாள், "ஒண்ணு ரெண்டு வேர் நல்லாத்தான் இருந்துச்சு."